மானாவாரி வேதம்

தோட்டத் தியானம் என்று ஒரு வகை எழுத்து இருக்கிறது. தென்மாவட்டச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாதப் பத்திரிகையில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் வரும். எழுதுகிறவர் காலையில் தோட்டத்துக்குப் போவார். ரோஜாச் செடியில் ஒரு பூச்சியைப் பார்ப்பார். உடனே ஒரு வசனம் ஞாபகம் வரும். பூச்சி பாவம், மருந்து வசனம், செடி நாம். ஒரு சிறு ஜெபத்தோடு முடியும். இருநூறு வார்த்தை. நானும் சின்ன வயதில் இவற்றை விரும்பிப் படித்தவன்தான். இப்போதும் எங்கேயாவது கண்ணில் பட்டால் படிக்காமல் விடுவதில்லை, கொஞ்சம் எரிச்சலோடு.

எரிச்சலுக்குக் காரணம் பக்தி அல்ல. பார்ப்பதற்கு முன்பே முடிவு தயாராக இருப்பதுதான். தோட்டம் அங்கே வேலைக்காரன் மாதிரி, கூப்பிட்டவுடன் வந்து கைகட்டி நின்று பாடத்தைச் சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். செடிக்கென்று ஒரு குணம், மண்ணுக்கென்று ஒரு பிடிவாதம் இருப்பதே தெரியாது. ரோஜாவுக்குப் பதில் கத்தரி என்று மாற்றினாலும் கட்டுரை அப்படியே நிற்கும். நல்ல உவமையில் அது நடக்காது.

என் அம்மா இந்த வகை எழுத்தை முப்பது வருஷமாக எழுதுகிறவள். பத்திரிகையில் வந்தவை நாலோ ஐந்தோ. மற்றதெல்லாம் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டுகளில் இருக்கிறது. சபையில் பெண்கள் ஐக்கிய சங்கம் கூடும்போது வாசிப்பதற்காக எழுதினவை. சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில், தேரிக்காட்டின் ஓரத்தில் எங்கள் வீடு. செம்மண். காற்றடித்தால் வாசல்படி சிவந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் முப்பது சென்ட். ஆறு தென்னை, நாலைந்து முருங்கை, வாழை, கறிவேப்பிலை, மல்லி, சுவரோரம் ஆமணக்கு, நடுவில் அப்பா வைத்த எலுமிச்சை. அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது அப்போது.

அப்போது என்பது 2016. ஆகஸ்டில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். நான் சென்னையிலிருந்து வந்தேன், மூன்று வாரத்துக்கு என்று. அது எட்டு மாதம் ஆயிற்று. அந்த வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. எங்கள் ஊரில் அறிவிப்புக்கு யாரும் காத்திருக்கவில்லை. எங்கள் போர் தண்ணீர் அக்டோபர் கடைசியிலேயே உவர்த்துவிட்டது. கடல் பக்கம் என்பதால், நிலத்தடி நீர் இறங்க இறங்க உப்பு ஏறும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் கறிவேப்பிலையின் இலை நுனி முதலில் கருகும். பிறகு குச்சிதான்.

அம்மா கட்டிலில் இருந்தபடி சொல்லுவாள், நான் ஊற்றுவேன். சாயங்காலம் எதற்கு எத்தனை குடம் என்று கேட்பாள். நோட்டில் எழுதிக்கொள்வாள். இரவில் எனக்கு வேறு வேலையில்லை. அவளுடைய பழைய நோட்டுகளையும் வேதாகமத்தையும் மாற்றி மாற்றிப் படித்தேன். இந்தக் கட்டுரை அந்த வாசிப்பிலிருந்து வருவது.

முதலில் என்னை நிறுத்தியது உபாகமம் பதினோராம் அதிகாரம். மோசே ஜனங்களிடம் இரண்டு நிலங்களை ஒப்பிட்டுச் சொல்லும் இடம். விட்டு வந்த எகிப்தில் விதைத்துவிட்டுக் காலால் நீர் பாய்ச்ச வேண்டும், கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுவதுபோல. போகப்போகும் தேசமோ மலையும் பள்ளத்தாக்கும் கொண்டது, வானத்து மழையைக் குடிப்பது. காலால் என்றால் என்ன என்று உரையாசிரியர்கள் பல விதமாகச் சொல்வார்கள். மிதித்து இறைக்கும் கருவி என்பார்கள். நம் ஊரில் மடை திறந்தவனுக்கு விளக்கம் வேண்டாம். வாய்க்கால் மண்ணைக் காலால் தள்ளித் திறப்போம், காலாலேயே அடைப்போம்.

வழக்கமான பிரசங்கத்தில் எகிப்து அடிமைத்தனம், கானான் ஆசீர்வாதம். ஆனால் விவசாயியாகப் படித்தால் கணக்கு தலைகீழ். எகிப்தில் நைல் உண்டு. வருஷாவருஷம் பெருகி வண்டலைக் கொண்டுவந்து போடும் ஆறு. கானான் மானாவாரி. அடிமைகளாக இருந்தவர்களை நிச்சயமான பாசனத்திலிருந்து பிரித்து, வானம் பார்த்த பூமிக்கு அழைத்துப் போகிறார் கடவுள், அதை நல்ல தேசம் என்றும் சொல்கிறார். இது எவ்வளவு துணிச்சலான வாக்கு என்று அம்மாவின் நோட்டில் ஓரிடத்திலும் இல்லை. இருக்கவும் முடியாது. அவளுக்கு மோட்டார் இருந்தது. சுவிட்சைப் போட்டால் தண்ணீர் வரும் தோட்டத்தில் நின்று மழையைப் பற்றிய வசனத்தைப் படித்தால் அது அலங்காரமாகத்தான் தெரியும். அம்மாவின் தோட்டம் எகிப்து. அதை அவளிடம் சொன்னேன். "ஆமா, நீ பெரிய மோசே" என்றாள்.

முன்மாரி, பின்மாரி என்ற சொற்களைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். எழுப்புதல் கூட்டங்களில் பின்மாரி என்றால் ஆவியின் வரம், அவ்வளவுதான். ஆனால் முன்மாரி என்பது ஒரு மாதம். பாலஸ்தீனத்தில் கோடை முழுக்க ஒரு துளி கிடையாது. அக்டோபர், நவம்பரில் முதல் மழை விழுந்தால்தான் இறுகின மண்ணில் ஏர் இறங்கும். எருசலேமின் வருஷ மழை சுமார் 550 மில்லிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்துக்கு 650ஐ ஒட்டி. நமக்கும் ஐப்பசியில்தான் வானம் திறக்க வேண்டும். இரண்டு ஊரிலும் விவசாயி ஒரே மாதத்தில் மேலே பார்க்கிறான். இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிக்கு இந்த வசனங்கள் அந்நியமாக இருந்திருக்கும், அவன் ஊரில் மழை நிற்பதற்கு ஜெபிப்பார்கள். தேரிக்காட்டு மனிதனுக்கு உரை தேவைப்பட்டிருக்காது. ஆனால் நாம் மிஷனரியிடமிருந்து உரையையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம்.

வறட்சி என்ற இடத்தில் பழைய மொழிபெயர்ப்பு மழைத்தாழ்ச்சி என்று சொல்லும். எரேமியா பதினாலாம் அதிகாரம் அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. விவிலியத்தில் வறட்சியைப் பற்றி இதைவிடக் கூர்மையாக எழுதப்பட்ட இடம் எனக்குத் தெரிந்து இல்லை. பிரபுக்கள் சின்னவர்களைத் தண்ணீருக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வெறும் பாத்திரத்தோடு திரும்புகிறார்கள், வெட்கப்பட்டுத் தலையை மூடிக்கொண்டு. இந்த வெட்கம் என்ற விவரத்தை நான் முன்பு கவனித்ததே இல்லை. தண்ணீர் இல்லாததற்குத் தண்ணீர் எடுக்கப் போனவன் ஏன் வெட்கப்பட வேண்டும்? எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தெருக்குழாயில் என் முறை வரும்போது தண்ணீர் நின்றுபோய், இரண்டு காலிக் குடத்தோடு தெரு நெடுகத் திரும்பி நடந்த அன்றைக்குத் தெரிந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள். நாம் என்னமோ தவறு செய்தவன் மாதிரி இருக்கும்.

அடுத்த படிமம் இன்னும் கடுமை. பெண்மான் குட்டி போட்டுவிட்டு, புல் இல்லாததால் குட்டியை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. இதில் பாடம் எதுவும் இல்லை. மான் எதற்கும் உருவகம் இல்லை. பிறகு தீர்க்கதரிசி கடவுளைப் பார்த்து, தேசத்தில் ஒரு அந்நியனைப்போல, ராத்தங்கிவிட்டுப் போகிற வழிப்போக்கனைப்போல ஏன் இருக்கிறீர் என்று கேட்கிறான். பதில் ஆறுதல் அல்ல. இந்த ஜனங்களுக்காக ஜெபிக்காதே என்று கட்டளை வருகிறது. அடுத்த அதிகாரத்தில் எரேமியா கடவுளையே வற்றி ஏமாற்றும் ஓடைக்கு ஒப்பிட்டுக் கேட்கிறான். இதை எந்தத் தியானப் புத்தகத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அதே எரேமியாவின் பதினேழாம் அதிகாரத்தில் வரும் தண்ணீரோரத்து மரம் மட்டும் எல்லாக் காலண்டரிலும் உண்டு.

நவம்பர் கடைசியில் எங்கள் பக்கத்தில் மழைக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். ஊரில் பாவம் பெருத்துவிட்டது, அதனால் வானம் அடைபட்டது என்றார். டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் கரையேறியது. மரங்கள் சாய்ந்தன, மழை கொட்டியது. எங்களுக்குத் தூறல்கூட இல்லை. "அப்போ மெட்ராஸ்காரன்லாம் நீதிமானா?" என்று கோயில்பிள்ளை என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவர் முப்பது வருஷம் மணியடித்தவர். எல்லாப் பிரசங்கத்தையும் கேட்டவர்.

பிரசங்கியார் பக்கம் வேதம் இல்லை என்று சொன்னால் அது பொய். நான் மேலே புகழ்ந்த உபாகமம் பதினொன்றே, வேறு தேவர்களைச் சேவித்தால் வானம் அடைபடும் என்று எச்சரிக்கிறது. எலியா காலத்து வறட்சியும் அப்படித்தான். ஆனால் எதிர்க்குரலும் உள்ளேயே இருக்கிறது. யோபு முப்பத்தெட்டில் மனிதனே இல்லாத வனாந்தரத்தில் மழை பெய்கிறது. யாருக்கும் பரிசாகவும் இல்லை, யாருக்கும் தண்டனையாகவும் இல்லை. அங்கே புல் முளைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த டிசம்பரில் ஒரு நாள் கிழக்கே கடலுக்கு மேல் மழை இறங்குவது எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு திரை. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யோபு புத்தகம் அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

லூக்கா பதின்மூன்றில் வரும் அத்திமர உவமையையும் இந்த இடத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். நாம் அதை உருவி எடுத்துத் தனியாகப் படிக்கிறோம். மூன்று வருஷமாகக் காய்க்காத மரம். சொந்தக்காரன் வெட்டச் சொல்கிறான், தோட்டக்காரன் ஒரு வருஷம் தவணை கேட்கிறான், சுற்றிக் கொத்தி எருப் போடுகிறேன் என்கிறான். இதற்குச் சற்று முன்னால் என்ன பேச்சு நடக்கிறது? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த விஷயம். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்ற கேள்வி. இல்லை என்கிறார் இயேசு. அதோடு விடுவதில்லை, நீங்களும் மனந்திரும்பாவிட்டால் கெட்டுப்போவீர்கள் என்கிறார். அந்த உறுத்தலை நான் மறைக்கப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு சொல்லப்படும் கதையில் கோடரியைத் தடுத்து நிற்பவன் எருக்கூடையோடு வருகிற கூலிக்காரன். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. சொந்தக்காரன் சம்மதித்தானா, அடுத்த வருஷம் காய்த்ததா, ஒன்றும் கிடையாது. ஒரு மானாவாரித் தோட்டத்தில் இன்னும் ஒரு வருஷம் என்றால் இன்னும் ஒரு மழைக்காலம் என்று பொருள். அது வருமா என்று தோட்டக்காரனுக்கும் தெரியாது. தண்ணீரில்லாமல் எருப் போட்டால் வேர் வெந்துபோகும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

யோனாவின் ஆமணக்கைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எபிரேயத்தில் கீகாயோன். கிரேக்கத்தில் அதைச் சுரைக்கொடி ஆக்கினார்கள், பழைய லத்தீனும் அப்படியே எடுத்துக்கொண்டது. ஜெரோம் லத்தீனில் மறுபடி மொழிபெயர்த்தபோது ஒருவகை படர்கொடியின் பெயரைப் போட்டார். வட ஆப்பிரிக்காவில் ஓயா என்ற ஊரில், இன்றைய திரிப்போலி, ஆயர் இந்தப் புது வார்த்தையை வாசித்ததும் சபையில் கலவரமே வந்தது என்று அகுஸ்தீன் ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. தலைமுறையாகக் கேட்ட சொல் போய்விட்டது என்று கோபம். ஜெரோமுக்கே செடி எதுவென்று தெரியும். அகன்ற இலையோடு, மணற்பாங்கான இடத்தில், தன் தண்டிலேயே நிற்கும் செடி என்று விவரிக்கிறார். லத்தீனில் அதற்குப் பெயர் இல்லை என்பதுதான் அவர் கஷ்டம். தமிழில் அந்தக் கஷ்டம் இல்லை. நாங்கள் இன்றும் வாசிக்கும் திருப்புதலில், 1871இல் பவர் குழு முடித்துத் தந்த அந்த மரபில், சாதாரணமாக ஆமணக்கு என்று இருக்கிறது. சுவரோரத்தில் நிற்கும் செடி.

எங்கள் ஆமணக்கு பாத்திரம் கழுவிய தண்ணீரில் வளர்ந்தது. மத்தியானம் இலையெல்லாம் தொங்கிப்போகும், ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி விரியும். யாரும் அதற்கென்று ஒரு சொம்பு ஊற்றியதில்லை. யோனா அழுதது இப்படிப்பட்ட செடிக்கு. அம்மாவின் நோட்டில் இதற்குப் பாடம், உலகப் பொருள்மேல் பற்று வைக்காதே. எனக்கு அது சரியான வாசிப்பாகப் படவில்லை. புத்தகத்தின் முடிவில் கடவுள் யோனாவின் பற்றைக் கண்டிக்கவில்லை. நீ நடாத, நீர் ஊற்றாத செடிக்காக உனக்கு இவ்வளவு வருத்தம் என்றால், இந்த ஊர் ஜனங்களுக்காக, மிருகங்களுக்காக எனக்கு இருக்காதா என்று கேட்கிறார். கேள்வியோடு புத்தகம் முடிகிறது. செடிமேல் வைத்த பாசம் அங்கே குற்றம் இல்லை, அதை அளவுகோலாக எடுத்து நீட்டுகிறார். செடியோடு நின்றுவிட்டதுதான் யோனாவிடம் உள்ள சிக்கல்.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாக எழுதுகிற நான் எலுமிச்சையோடு நின்றவன். அதையும் சொல்லியாக வேண்டும்.

எலுமிச்சையைப் பற்றி அம்மாவிடம் ஒரு பேர்போன தியானம் உண்டு. கொஞ்ச நாள் தண்ணீர் விடாமல் வாடவிட்டு, பிறகு பாய்ச்சினால் எலுமிச்சை கொத்துக்கொத்தாகப் பூக்கும். விவசாயிகள் அறிந்தே செய்வது. இத்தாலியில் சிசிலித் தீவிலும் கோடைக் காய்ப்புக்காக இதே உத்தியைக் கையாள்கிறார்கள். ஆகவே உபத்திரவம் பலன் தரும் என்பது அம்மாவின் பாடம். உண்மை அவள் பக்கம் இருந்த அபூர்வமான தியானம் அது. ஆனால் வாடவிடுவதற்கும் சாகவிடுவதற்கும் நடுவில் சில வாரம்தான் இருக்கிறது. வாடவிடுகிறவன் கையில் வாய்க்கால் இருக்கும், தேதியும் இருக்கும். வறட்சிக்குத் தேதி கிடையாது.

டிசம்பரில் பணம் கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியில் நிறைத்தோம். அதில் வீட்டுக்குப் போக எலுமிச்சைக்கு தினம் இரண்டு குடம். தூரைச் சுற்றித் தேங்காய் மட்டையைப் புதைத்தேன், மேலே பனையோலையைப் பரப்பினேன். மல்லியை விட்டுவிட்டோம். வாழை போய்விட்டது. ஜனவரியில் ஒரு நாள் மத்தியானம் அடுத்த தெருவிலிருந்து ஒரு அக்கா வந்தார்கள். சங்கத்தில் அம்மாவின் தியானங்களைக் கேட்கிறவர்களில் ஒருத்தர். இடுப்பில் குடம், கையில் இன்னொன்று. "தம்பி, ரெண்டு கொடம் கெடைக்குமா? ராத்திரிக்கி உலை வைக்கத் தண்ணியில்ல" என்றார்கள். நான், தொட்டி காலியாயிட்டுக்கா, நாளைக்குத்தான் லாரி வரும் என்றேன். தொட்டியில் அரையாள் உயரம் தண்ணீர் கிடந்தது. அவர்கள் சரி தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தொட்டியின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சாரிபாத் விதவையின் கதையை ஞாயிறு பள்ளியில் நடித்துக் காட்டியவன் நான். எலியா வேஷம்.

அம்மா கட்டிலில் இருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

எலுமிச்சை பிப்ரவரியில் செத்தது. பட்டையைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சை இல்லை.

நோட்டுக்கு வருகிறேன். விமர்சனம் எழுதுகிறேன் என்று உட்கார்ந்ததே அதற்காகத்தான். 2016 செப்டம்பர் வரை அந்த நோட்டில் தியானங்கள் இருக்கின்றன, தலைப்போடு, வசன எண்ணோடு. பிறகு குறைகின்றன. நவம்பரிலிருந்து குடக் கணக்கு மட்டும். தேதி, செடி, எண். "எலுமிச்சை 2. முருங்கை 1. மல்லி இல்லை." இப்படியே நாற்பது பக்கம். அம்மா எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த நாற்பது பக்கம்தான். ஒரு பெயரடை கிடையாது. செடிகள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து காணாமல் போகின்றன. யாரும் அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அந்த ஜனவரி நாளின் கணக்குக்குக் கீழே மட்டும் இரண்டு வரி அதிகம்: "இன்று தண்ணீர் இல்லை என்று சொன்னோம். தொட்டியில் இருந்தது."

சொன்னோம் என்று எழுதியிருக்கிறாள். சொன்னது நான்.

இந்த வரியை வைத்துக்கொண்டு நான் அம்மாவிடம் வாதாடினேன், ஏப்ரலில், சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள். இதுதாம்மா எழுத்து, மத்த பாடமெல்லாம் எதுக்கு என்றேன். அவள் கம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள்.

"பாடம் ஒனக்குன்னா எழுதுனேன்? சங்கத்துக்கு வாற பொம்பளையளுக்கு எழுதுனேன். காலையில அஞ்சு மணிக்கு எந்திச்சி, முருங்கக்கா பறிக்கப் போயிட்டு, அஞ்சு மணிக்கு வந்து உக்காருவாளுவ. நான் வாசிக்கிறது ரெண்டு நிமிஷம். அதுல உன் எரேமியாவச் சொல்லி, ஆண்டவரும் வத்திப்போவாருன்னு சொல்லி அனுப்பவா? வீட்டுக்குப் போனா அடுப்புல தண்ணி வைக்கணும்லா அவளுவ."

எனக்குப் பதில் இல்லை. இப்போதும் முழுசாக இல்லை. தியானம் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறது என்ற என் குற்றச்சாட்டு சரிதான் என்றே நினைக்கிறேன். ஆனால் யாருக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு களைப்பில் வாசிக்கப்படுகிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீர் கேட்டு வந்த அக்கா அந்த ரெண்டு நிமிஷத்தைக் கேட்டு எழுந்து போனவர்களில் ஒருத்தர். அவர்களுக்கு எரேமியாவின் வெட்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் நான் ஊரில் இல்லை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்தது. தென்மாவட்டங்களில் நல்ல மழை. கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை. குமரிக் கரையில் கோயில் கோயிலாகப் படங்களை வைத்து அழுதார்கள்.

கிறிஸ்துமஸுக்குப் போனபோது தோட்டத்தில் முருங்கை தழைத்திருந்தது. எலுமிச்சை நின்ற குழியில் அம்மா எதையும் வைக்கவில்லை. தானாக ஒரு ஆமணக்கு முளைத்திருந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த நவம்பர் 30க்கு ஒரே ஒரு வரி. "நல்ல மழை" என்று எழுதி, பிறகு "நல்ல"வை மட்டும் அடித்திருந்தாள். மையின் நிறம் வேறு. எப்போது அடித்தாள் என்று நான் கேட்கவில்லை.